ஜெராய் மலையடியில் தண்ணீர்ப் பாடம்

மலேசியாவின் கெடா மாநிலத்து மேற்குக் கரையில், கடலுக்கும் நெல்வயலுக்கும் நடுவே, தனியாக எழுந்து நிற்கிறது ஜெராய் மலை. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். பக்கத்தில் துணைக்கு வேறு மலை இல்லாததால் தொலைதூரக் கடலிலிருந்தே கண்ணில் படும். வங்கக் கடலைத் தாண்டி வந்த பாய்மரக் கப்பல்களுக்கு இந்த மலைதான் கரையின் அடையாளம். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்து தாக்கிய கடாரம், இதன் தெற்குச் சரிவை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கெடாத் தமிழர்களோடு உட்கார்ந்து பேசினால் தேநீர் ஆறுவதற்குள் இந்தச் சோழர் கதை வந்துவிடும். நான் போனது மலையின் மறுபக்கத்துக்கு, யானுக்கு. அங்கே தண்ணீரையும், தண்ணீரில் விளையாடும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருந்தது.

பாலர் கல்வியைப் பற்றிப் பல காலமாக எழுதி வருகிறேன். இந்தத் துறையின் ஐரோப்பிய நூல்களைத் திறந்தால், வெயில் வந்ததும் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள் என்ற அறிவுரை தவறாமல் இருக்கும். அங்கே வெயில் என்பது சில வாரங்களின் வரம். 1914இல் லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் ரேச்சல், மார்கரெட் மெக்மில்லன் சகோதரிகள் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்தவெளிப் பாலர் பள்ளி தொடங்கினார்கள். தோட்டமும் குளியலும் காற்றும் அங்கே பாடத்தின் பகுதிகள். புகை மூடிய அந்த நகரத்தில் அவர்கள் போராடிப் பெற்ற வெயிலும் வெளியும் கெடாவில் வருடம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் நம் பாலர் பள்ளிகளில் நான்கு வயதுக் குழந்தை காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து புள்ளிகளை இணைத்து ‘அ’ எழுதிக்கொண்டிருக்கிறது. இது என்னை வெகுகாலமாக உறுத்துகிறது.

பிப்ரவரியில் போனேன். குருண் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கியபோது, சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு நண்பர் காரோடு வந்து காத்திருந்தார். குவார் செம்பெடாக் தாண்டியதும் இரு பக்கமும் வயல். அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடந்தது. சில இடங்களில் கொளுத்திய கருக்கு. பெடு, மூடா அணைகளோடு மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் செயல்பாட்டுக்கு வந்த பிறகுதான் இந்தச் சமவெளி ஆண்டுக்கு இரண்டு போகம் கண்டது. சாலைக்குப் பக்கத்தில் வாய்க்கால், வாய்க்காலுக்குப் பக்கத்தில் வீடு, வீட்டு வாசலில் பிள்ளைகளின் சைக்கிள். தண்ணீருக்கு முகம் கொடுக்காமல் இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் வளர முடியாது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவின் வடமேற்கு மூலைக்கு ஆண்டின் முதல் மாதங்கள் வறட்சிக் காலம். நாட்டிலேயே மிக அதிகமான வெப்பம், 40.1 டிகிரி செல்சியஸ், 1998 ஏப்ரலில் பக்கத்து மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் பதிவானது. 2016 ஏப்ரலில் எல் நினோ வெப்பம் தாங்காமல் பெர்லிஸ் முழுவதிலும், கெடாவில் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பள்ளிகளைச் சில நாள் மூடினார்கள். பெண்டாங், யானுக்குப் பக்கத்து மாவட்டம்தான். வானிலைத் துறை இப்போது மூன்று படிகளில் எச்சரிக்கிறது: ஓரிடத்தின் அதிகபட்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால் முதல் படி. அந்த நாள்களில் வகுப்பறைத் தகரக் கூரைக்குக் கீழே உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளையின் மண்டையில் என்ன ஏறும்?

யான் சிறிய ஊர். ஒரு கடைவரிசை, பள்ளிவாசல், சந்தை, கடலை நோக்கிப் போகும் சாலையின் முடிவில் கோல யான் மீனவர் படகுத்துறை. டச்சுக்காரர்களோடு நடந்த போரின் காலத்தில் சுமத்ராவின் அச்சேயிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் மலையடியில் கம்போங் அச்சே என்ற கிராமத்தில் இருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் மலாய்க்காரர்களே பெரும்பான்மை. தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். மலையின் கிழக்கிலும் தெற்கிலும், குருண், பீடோங் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில்தான் நம் ஆட்கள் திரண்டு இருந்தார்கள். ஆனால் விடுமுறை நாள் வந்தால் அத்தனை பேரும் வேன் பிடித்து யானுக்கு வந்துவிடுவார்கள். காரணம் அருவிகள். கடல்காற்று சுமந்து வரும் மேகம் ஜெராயில் மோதிக் கொட்டும் மழை, புத்ரி மண்டி, செரி பெரிகி, தித்தி ஹாயுன் என்று பல இடங்களில் பாறை வழியே இறங்குகிறது.

புத்ரி மண்டியில் பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். மேலே அருவி விழும் இடத்தில் இளவட்டங்களின் கூச்சல். கீழே, கணுக்கால் அளவு தண்ணீர் கூழாங்கற்களுக்கு இடையே ஓடும் இடத்தில், மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகள். நான் பார்த்தது அவர்களைத்தான். ஒரு பையன் அணை கட்டிக்கொண்டிருந்தான். முதலில் பெரிய கல்லாக நான்கு வைத்தான். தண்ணீர் இடுக்கு வழியே ஓடியது. சின்னக் கல்லால் இடுக்கை அடைத்தான். அதற்கும் அடியில் ஓடியது. கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தான். பிறகு கரையிலிருந்து சருகை அள்ளிவந்து கல்லின் மேல்பக்கத்தில் போட்டான். ஓட்டமே சருகை இழுத்துப்போய் ஓட்டையில் ஒட்டியது! அதைக் கண்டதும் அவன் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். மறுபடி சருகு, அதன்மேல் மணல். பின்னால் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தது. உயர்ந்ததும் இன்னொரு பக்கமாக வழி தேடிக்கொண்டது. அவன் அந்தப் பக்கத்துக்கு ஓடினான்.

நீர்ப்பொறியாளர் கரை கட்டும்போது பெரிய கல், சிறு கல், மணல் என்று அடுக்கும் முறை இதுதான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர்தான் சொன்னது. தண்ணீரைப் போல உடனுக்குடன் பதில் சொல்லும் ஆசிரியர் வேறு இல்லை: வைத்த கல் சரியா தவறா என்பது அடுத்த நொடியே தெரிந்துவிடும், தவறியதற்கு யாரும் திட்டவும் மாட்டார்கள். பக்கத்தில் ஒரு சிறுமி தன் ஜப்பான் சிலிப்பரைப் படகாக விட்டுக்கொண்டிருந்தாள். கூழாங்கல்லை அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றினாள். கவிழ்ந்தது. அடுத்த முறை கற்களை நடுவில் வைத்தாள். அவளுடைய அம்மா முழங்கால்வரை நனைந்து, பேச்சைக் குறைத்து, மகளைவிட்டுக் கையெட்டும் தூரத்தைத் தாண்டாமல் நின்றிருந்தார். அந்தப் பெண்மணியிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டானது. பிள்ளைக்குத் தண்ணீரையும் கொடுத்தார், தன்னையும் கொடுத்தார், பதிலை மட்டும் கொடுக்கவில்லை.

நம் இலக்கியத்துக்கு இது புதிதில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிக்கும்போது நீராடலுக்கும் ஒரு பருவம் ஒதுக்குகிறது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அது அம்மானைக்கும் ஊசலுக்கும் நடுவில் வருகிறது. பந்தயமாகவோ பயிற்சியாகவோ இல்லாமல், வளர்வதன் ஒரு கட்டமாகவே நீர்விளையாட்டை வைத்த மரபு நம்முடையது.

அருவியிலிருந்து தித்தி ஹாயுன் பக்கம் போனோம். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி மலையுச்சியில் கொட்டிய பெருமழையில் ஜெராயின் சரிவுகள் பெயர்ந்தன. மண்ணும் பாறையும் வேரோடு பிடுங்கிய மரங்களும் வெள்ளத்தோடு இறங்கி யான், மெர்போக் பக்கத்துக் கிராமங்களுக்குள் பாய்ந்தன. உயிர்கள் போயின, வீடுகளும் பாலங்களும் சிதைந்தன. மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயிர்’ என்று அழைக்கும் திடீர் மலைவெள்ளம் எப்படி வரும் என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உச்சியில் மட்டும் கருக்கல் கட்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும், சுள்ளியும் சருகும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வரும், தொலைவில் இரைச்சல் கேட்கும். அந்தக் கணமே மேட்டுக்கு ஏற வேண்டும். கடையில் இருந்த ஒரு மலாய்ப் பெரியவர், பேரப்பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதைத்தான் என்றார். நீச்சல் அதற்கு அப்புறமாம்.

தண்ணீர் விளையாட்டைப் புகழ்ந்து எழுதும் யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள்; அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. சின்னக் குழந்தைக்கு ஆறும் கடலும் வேண்டாம், குளியலறை வாளியே போதும். தலை பாரம், குப்புற விழுந்தால் எழும்பத் தெரியாது, சத்தமும் வராது. பல பெற்றோர் இதற்குக் கண்ட மருந்து தண்ணீர்ப் பக்கமே விடாதிருப்பது. வாய்க்காலும் ஆறும் கடலும் சூழ்ந்த ஊரில் இந்த மருந்து எத்தனை நாளைக்குப் பலிக்கும்? எட்டு வயதில் நண்பர்களோடு வாய்க்காலுக்குப் போகும் பையன், தண்ணீரின் இழுப்பைக் காலில் அதுவரை உணர்ந்ததே இல்லை என்றால் அதுதான் ஆபத்து.

மறுநாள் குருண் பக்கத்துக்குத் திரும்பினோம். ஒரு கித்தாத் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் நெடுங்காலம் வேலை செய்த பாட்டியைப் பார்க்க நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். இப்போது மகளோடு தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிறார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆயாக் கொட்டகை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பால்மரம் வெட்டும் பெண்கள் விடியலுக்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். கைக்குழந்தையையும் நடைபழகும் பிள்ளையையும் இருட்டோடு தூக்கிவந்து லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். விட்டத்தில் வரிசையாகத் துணித்தொட்டில், ஒன்றோ இரண்டோ ஆயா. பாலை நிறுத்துச் சேர்த்துவிட்டு அம்மாக்கள் திரும்ப மதியம் தாண்டிவிடும். தோட்ட முதலாளிகள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்பதற்கு நாட்டின் சட்டத்திலும் இடம் உண்டு. தொழிலாளர் வீடமைப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. எல்லாக் கொட்டகைகளும் நல்ல கொட்டகைகள் என்று நான் சொல்லமாட்டேன். இருட்டறை, ஈ, ஒரே ஆயாவிடம் தாங்க முடியாத கூட்டம் என்று வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாட்டி சொன்னதைக் கேளுங்கள்.

“பத்து மணிக்கு மேல தகரம் கொதிக்கும் தம்பி. ஒண்ணு அழ ஆரம்பிச்சா அத்தனையும் அழும். பைப்படியில பெரிய குண்டான வச்சித் தண்ணி புடிச்சிருவேன். நிழல்ல, மாமரத்துக்குக் கீழ. ஓரம் உடைஞ்ச பால்மங்கு, செரட்டை, பால் டின்னு எல்லாம் கெடக்கும். எடுத்து மொள்ளுங்க, ஊத்துங்கன்னு விட்டுருவேன். அழுகை நின்னுரும்லா.”

குளிப்பாட்டும்போது தலையில் தண்ணீர் விழுந்தால் வீறிட்டு அழும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளையிடம் மங்கு ஒன்றைக் கொடுத்து, முதலில் ஆயாவின் கையில் ஊற்றச் சொல்வாராம். அடுத்து அதன் காலில் அதுவே ஊற்றும். பிறகு வயிறு. சில நாளில் தலையிலும் தானே ஊற்றிக்கொள்ளும். பயத்தைப் போக்கும் இந்த வழியை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கித்தாக் கொட்டை மிதக்கும், கூழாங்கல் மூழ்கும், செரட்டை மிதக்கும், ஓட்டைச் செரட்டை கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு மூழ்கும். இந்தக் கடைசியைப் பிள்ளைகள் விடவே மாட்டார்களாம். எப்போது மூழ்கும் என்று சுற்றி நின்று காத்திருப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நம் முன்னோரின் நாழிகை வட்டில் நினைவுக்கு வந்தது. அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் மிதந்து, நிரம்பி, மூழ்கும் நேரம் ஒரு நாழிகை, 24 நிமிடம். அரண்மனையில் பொழுது கணித்தவர்கள் பார்த்ததைத் தோட்டத்துப் பிள்ளைகள் மாமரத்தடியில் பார்த்திருக்கிறார்கள்.

“ஒண்ணே ஒண்ணு, குண்டான்ல தண்ணி இருக்கறவரைக்கும் நான் எந்திரிக்கமாட்டேன். தொட்டில்ல புள்ள அழுதாலும் இன்னொரு ஆயாதான் போகணும். முடிஞ்சதும் கவுத்துருவேன்” என்றார் பாட்டி. கவிழ்த்த தண்ணீர் முருங்கைக்கும் வாழைக்கும் போகும்.

இதைக் கேட்டதும் நான் அவருக்கு வங்கதேசத்தைப் பற்றிச் சொன்னேன். குளமும் கால்வாயும் நிறைந்த அந்த நாட்டில் அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை நேரத்தில்தான் சின்னக் குழந்தைகள் அதிகமாக நீரில் மூழ்கினார்கள். அதனால் கிராமத்துக்குள்ளேயே ஒரு பெண்ணின் பொறுப்பில் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்றுவரை குழந்தைகளை வைத்துக்கொள்ளும் ‘ஆஞ்சல்’ காப்பகங்களைத் தொடங்கினார்கள். மூழ்கிச் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இன்று பாலர் காப்பகம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உயிர்காப்பு வழிகளில் ஒன்று. பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதான் நாங்க செஞ்சது” என்றார். அவ்வளவுதான். அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்த கூலி பால்வெட்டுக்காரரின் கூலியைவிடக் குறைவு. கொட்டகையில் காப்பாற்றப்பட்ட உயிர்களை எந்தத் தோட்டக் கணக்கேட்டிலும் எழுதவில்லை. ஆயாக்களின் அறிவை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது மலேசியத் தமிழர் வரலாற்றில் உள்ள பெரிய குறை என்று நினைக்கிறேன்.

தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல், கித்தா போய்ச் செம்பனை வந்தது, பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது என்று கதை வேகமாக ஓடிவிட்டது. லயங்களில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பிள்ளைகள் தாமான் வீடுகளிலும் தமிழ்ப்பள்ளியோடு இணைந்த பாலர் பள்ளிகளிலும். ஆயாக் கொட்டகையோடு குண்டானும் போனது.

குவார் செம்பெடாக் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளிக்குப் போனேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். நாட்டின் பாலர் பள்ளிப் பாடத்திட்டம் விளையாட்டின் வழி கற்றலைத் தெளிவாகவே வலியுறுத்துகிறது. 2017 திருத்தத்திலும் அது இருக்கிறது. தடை சட்டத்தில் இல்லை, பெற்றோரின் அச்சத்தில் இருக்கிறது. ஒன்றாம் ஆண்டுக்குப் போகும்போது வாசிக்கத் தெரிய வேண்டுமே என்ற அச்சம் ஒன்று. சளி பிடிக்குமே என்பது இன்னொன்று. அதனால் தண்ணீர் விளையாட்டை வாரத்தில் ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் வைத்திருக்கிறார் அந்த ஆசிரியை. நல்லவேளையாக நான் போன நாள் அதற்கான நாள்.

வெயில் ஏறுவதற்கு முன், எட்டரை மணிக்குத் தொடங்கினார்கள். பின்கட்டில் நிழல்வலைக்குக் கீழே இடுப்பளவு மேசைமேல் இரண்டு அகலமான பேசின்கள். பிள்ளைகள் நின்றபடியே விளையாடுகிறார்கள். உள்ளே விழ வழி இல்லை. ஒரு பேசினில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் பூண்டுத் தோலும் மஞ்சள்பொடியும் போட்ட தண்ணீர். ஒரு பையன் வடிகட்டியால் தோலை மட்டும் எடுத்தான். மஞ்சளையும் எடுக்கப் பார்த்தான். வரவில்லை. துணியை மடித்து வடிகட்டினான். கொஞ்சம் வந்தது. “டீச்சர், இது ஒளிஞ்சிக்குது” என்றான். ஆசிரியை, “எங்க ஒளியுது, பாரு” என்று சொல்லி அவன் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

பிறகு நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரே அளவுக் குவளைகள் இரண்டில் சமமாகத் தண்ணீர். ஒரு சிறுமி அதைக் குனிந்து பார்த்து “ஒரே மாதிரி” என்று ஒப்புக்கொண்டாள். ஒன்றை ஒல்லியான போத்தலிலும் மற்றதை அகலக் கிண்ணத்திலும் அவளே ஊற்றினாள். எதில் நிறைய? “போத்தல்ல.” ஏன்? “ஒசரமா இருக்கே.” திரும்பக் குவளைகளில் ஊற்றினாள். சமமாக நின்றது. அவள் நெற்றியைச் சுருக்கி, “ஓடிப்போன தண்ணி திரும்ப வந்துருச்சு” என்றாள். ஜெனீவாவில் உளவியலாளர் ஜான் பியாஜே குழந்தைகளோடு இதே போல் நீரை ஊற்றிப் பார்த்துத்தான், வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் ஆறு, ஏழு வயதுவாக்கில்தான் உறுதிப்படுகிறது என்று கண்டார். 1941இல் வெளிவந்த அவருடைய எண் பற்றிய நூல் இந்தச் சோதனைகளோடுதான் தொடங்குகிறது. அந்தப் புரிதலைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. ஊற்றி ஊற்றி வர வேண்டும். ஆசிரியை அவளைத் திருத்தவில்லை. கிண்ணத்தையும் போத்தலையும் அவளிடமே விட்டுவிட்டு நகர்ந்தார். ஒரு நல்ல ஆசிரியரை நான் அடையாளம் காண்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

பென்சில் பிடிக்கும் கைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஈரத்துணியைப் பிழியும் மணிக்கட்டு, சொட்டுப்போடும் விரல்நுனி, சிந்தாமல் ஊற்றக் கண்ணும் கையும் ஒன்றாக நிற்பது, இவை எல்லாம் எழுத்துக்கு முந்திய பயிற்சிகள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது, இடையில் சில காலம் கொடைக்கானலிலும். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது, மேசையைத் துடைப்பது ஆகியவைதான் அவருடைய பள்ளியில் மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் பாடங்கள். எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைக் கொடுக்க இன்னும் நாம் பெற்றோரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

மொழி வளர்வதையும் அங்கே கண்டேன். மேசை ஓரம் நின்று பிள்ளைகள் பேசியதைக் குறித்துக்கொண்டேன்: ததும்புது, சொட்டுது, ஒழுகுது, கலங்குது, நனைஞ்சிருச்சு, தளும்பாம தூக்கு. வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் பிள்ளைகள் அவர்கள். பாட்டி வீட்டுத் தமிழ் தண்ணீர்ப் பக்கம் வந்ததும் தானாக வெளிவருகிறது என்றார் ஆசிரியை. படம் காட்டி ‘இது என்ன’ என்று கேட்கும் பாடத்தில் இந்த வினைச்சொற்கள் ஒருபோதும் வராது.

வறட்சி மாதத்தில் தண்ணீரை இப்படிச் செலவழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, கெடாவில் குழாய் காயும் நாள்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேசினுக்கும் சேர்த்து ஆனது நான்கு வாளித் தண்ணீர். முடிந்ததும் பிள்ளைகளே சிறு டின்களில் மொண்டு கீரைப்பாத்திக்கு ஊற்றினார்கள். பேசின்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். டிங்கிக் கொசுவின் முட்டை தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும், அதனால் ஒரு சொட்டும் விடக் கூடாது என்று ஐந்து வயதுப் பெண் எனக்கு விளக்கினாள். குழாய் நின்ற நாளில், ஊறவைத்த அரிசியைக் கழுவிய நீரை வீட்டிலிருந்து கொண்டுவந்த தாய்மாரும் உண்டாம்.

அன்று மதியம் பிள்ளைகளை அழைக்க வந்த பெற்றோர் சிலரைப் பின்கட்டிலேயே உட்காரவைத்து ஆசிரியை பேசினார். வாரத்தில் ஒரு நாள் என்பதை மூன்று நாளாக்க வேண்டும். மூங்கிலைப் பிளந்து ஓடைபோல் சரிவாக வைத்தால் பிள்ளைகள் ஓட்டத்தைப் பார்ப்பார்கள். ஒரு மணல்தொட்டியும் வேண்டும். நான் புத்ரி மண்டியில் அணை கட்டிய பையனைப் பற்றிச் சொன்னேன். ஒரு தாய், சளியைப் பற்றிக் கேட்டார். மாற்றுத்துணியும் துண்டும் பையில் வையுங்கள், சளியோ வாயில் புண்ணோ இருக்கும் பிள்ளை அன்று தண்ணீரில் இறங்காது என்றார் ஆசிரியை. கைகால் வாய்ப் புண் நோய் பரவும் காலத்தில் பேசினைப் பொதுவில் வைக்காமல் ஆளுக்கொரு சிறு வாளி கொடுப்பதாகவும் சொன்னார்.

லோரி ஓட்டும் ஒரு தந்தை கடைசிவரை பேசாமல் இருந்தார். அவருடைய ஊர் மெர்போக் பக்கம். 2021 வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர். “மூங்கில் நான் வெட்டிக் கொண்டாரேன் டீச்சர், எத்தனை வேணும்னாலும். ஆனா வகுப்புல இருபத்தஞ்சு புள்ளைங்க, நீங்களும் உதவிக்கு ஒரு அக்காவும்தான். தண்ணி வைக்கிற நேரத்துல நாலு புள்ளைக்கு ஒரு பெரியவங்க நிக்கணும். பெத்தவங்க முறை போட்டு வருவோம். முறைக்காரங்க வரலன்னா அன்னிக்குத் தண்ணி கெடையாது.” ஆசிரியை நோட்டுப்புத்தகத்தை எடுத்து முறைப்பட்டியலுக்குக் கோடு போட்டார். திங்கட்கிழமைக்குத் தன் பெயரைத்தான் முதலில் எழுதச் சொன்னார் அந்தத் தந்தை. அன்று தனக்கு லோரி கிடையாதாம்.